மாட்டுக் கொம்பில் வரும் புற்று

புற்றுநோய் மனுசனுக்கு மட்டும் வர்ற நோய் இல்லை. நம்ம உழவு மாட்டுக்கும் வரும். கொம்புப் புற்று பெரும்பாலும் இந்தியாவின் திமில் மாடுகளில்தான் காணப்படுகிறது. கொம்புக்குள் இருக்கிற சவ்வில், அநேகமாக ஒரு பக்கக் கொம்பில் மட்டும் தொடங்கும். மாடு தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும், உதறும், கொம்பை மரத்தில் தேய்க்கும். அந்தப் பக்கத்து மூக்கில் ரத்தம் கசியும். கொம்பு ஆடித் தொங்குகிறவரை, ‘எங்கேயோ முட்டியிருக்கும்’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

காயடித்த எருதுக்குத்தான் இது அதிகம். பசுவுக்குக் குறைவு, பொலிகாளைக்கு அரிது. அதனால் ஹார்மோனுக்கும் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். நுகத்தடி உராய்வு, கொம்பு சீவுவது, பெயின்ட் அடிப்பது எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருக்கு. மாட்டுப் பொங்கலுக்கு நான் மஞ்சள், குங்குமத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எந்த உயிருக்கு ஏன் வருது என்பதோடு, எதுக்கு ஏன் வரலை என்றும் பார்க்கிறார்கள். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் யானைகளைப் பார்த்திருப்பீங்க. அவ்வளவு பெரிய உடம்பு, நீண்ட ஆயுள். செல்கள் அதிகம் என்பதால் புற்றும் அதிகம் வரணும். ஆனா குறைவு. கெட்டுப்போன செல்லைத் தடுக்கிற டிபி53 என்ற மரபணு நமக்கு ஒரு ஜோடி, யானைக்குச் சுமார் 20 ஜோடி என்று 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த வேலையை மருந்தால் செய்ய வைக்க முடியுமா என்று இப்போ தேடுறாங்க.

அதே கடற்கரை மணலில் தானாக முளைத்து நிற்கிறது நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்போமே, அதுதான். அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1960களிலிருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குத் தரப்படுகிறது. தெருநாய்களுக்கு இணை சேரும்போது தொற்றும் பிறப்புறுப்புக் கட்டியும் வாரம் ஒரு ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். கொம்புப் புற்றுக்கும், கொம்பை அறுத்தெடுத்த பிறகு, இதைக் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

செடிதானே என்று கஷாயம் வைத்து நீங்களும் குடிக்காதீங்க, மாட்டுக்கும் கொடுக்காதீங்க. அதில் நஞ்சு இருக்கு. டன் கணக்கில் காய்ந்த இலையிலிருந்து சில கிராம் மருந்துதான் கிடைக்கும், அளவு தவறினால் நரம்பைக் கெடுக்கும். கொம்பின் அடி சூடாக இருந்தாலோ, ஒரு மூக்கில் மட்டும் ரத்தம் கசிந்தாலோ அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்க. மண்டைக்குள் பரவுவதற்கு முன் கொம்பை எடுத்துவிட்டால் எருது பிழைக்க வாய்ப்பு இருக்கு.