கைகளில் பிறந்த மொழி

சைகை மொழி கற்பிக்க ஆளில்லை. பிள்ளைகளே ஒரு மொழியைப் படைத்தார்கள்!

மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் 1970-களின் நடுப்பகுதி வரை, காது கேளாத குழந்தைகள் பெரும்பாலும் வீட்டோடு முடங்கிக் கிடந்தார்கள். குடும்பத்தாருக்கு மட்டும் புரியும் சில சைகைகளே அவர்களிடம் இருந்தன. 1977-ல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புப் பள்ளி தொடங்கியது. 1979 புரட்சிக்குப் பிறகு மாணவர் எண்ணிக்கை பெருகி, 1983-ல் இரண்டு பள்ளிகளிலுமாக 400-ஐத் தாண்டியது.

ஸ்பானிய மொழியை உதட்டசைவு வழியே கற்பிக்க ஆசிரியர்கள் முயன்றார்கள், பலிக்கவில்லை. ஆனால் விளையாடும் இடத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் கைகளாலேயே ஓயாமல் பேசினார்கள். ஆளுக்கொரு விதமான வீட்டுச் சைகைகள் ஒன்றுகலந்தன. அந்தக் கலவையில் இலக்கணம் உருவாகி வருவதை 1986-ல் அங்கு சென்ற மொழியியலாளர் ஜூடி கெகல் கண்டார்.

உருண்டு, இறங்கி...

ஆய்வாளர் ஆன் செங்காஸின் குழுவினர் இந்தச் சைகை மொழியினருக்கு ஒரு கார்ட்டூனைக் காட்டி, கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பூனை உருண்டபடி சரிவில் இறங்கும் காட்சியை, முதலில் சேர்ந்த தலைமுறையினர் பெரும்பாலும் ஒரே அசைவில் காட்டினார்கள். சிறு வயதில் பின்னால் வந்து சேர்ந்தவர்களோ ‘உருள்’, ‘இறங்கு’ என இரண்டாகப் பிரித்தார்கள். பிரித்தால்தான் ‘உருண்டு ஏறு’, ‘நடந்து இறங்கு’ என்று புதிதாகக் கோக்க முடியும். 2004-ல் வெளியான இந்த ஆய்வு, மொழியைத் துண்டுகளாக்கிக் கோக்கும் வேலையைக் குழந்தைகளின் மூளையே செய்கிறது என்று உணர்த்தியது.

சைகையும் மொழியே என்பதற்கு மூளையும் சாட்சி. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பேச்சு குலையும் என்று பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1860-களில் காட்டினார். சைகை மொழியினருக்கும் அப்படியே: கை நன்றாக அசையும், மொழி மட்டும் சிதையும். மொழியின் வேர் நாக்கில் இல்லை.

அடுத்தவர் மனம்

கதைக்கு உயிர், பாத்திரம் என்ன நினைக்கிறது என்பதை அறிவது. நிகராகுவாவின் மூத்த தலைமுறையினர் பலருக்கு ‘நினை’, ‘அறி’ போன்ற சைகைகள் அதிகம் இல்லை. ஒருவர் வைத்த பொருளை அவர் இல்லாதபோது இடம் மாற்றினால், திரும்பி வந்து எங்கே தேடுவார் என்பது போன்ற கேள்விகளில் அவர்கள் தடுமாறினார்கள். அந்தச் சைகைகள் பழகியபின் அவர்களும் தேறியதை 2009-ல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.

பிறப்பு தருவது திறன் மட்டுமே. அது மொழியாக முளைக்க, இளம் வயதும் பேச்சுத்துணையும் வேண்டும். பேச்சு வராமல் போகுமோ என்று அஞ்சி, காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழியைத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும், மொழியை எளிதாகப் பற்றிக்கொள்ளும் பருவத்திலிருந்து கழிகிறது.