சம்பளமா, கமிஷனா?

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் சக்ரீஸ்து வாசலில் நின்றபோது ஒரு இளைஞர் வந்தார். ஜவுளிக்கடை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகச் சேலைப் பிரிவில் நிற்பவர். "சாமி, சம்பளம் கூட்டித் தாங்கன்னு கேட்டேன். கூட்ட முடியாது, வேணும்னா கமிஷன் போட்டுத் தாரோம்னு சொல்லிட்டாங்க. இது கூட்டினதா, கூட்டாததா?" என்று கேட்டார்.

நமக்கு உடனே விடை வரவில்லை. நூற்றுக்கு ஒரு ரூபாய் கமிஷன். மாதம் நான்கு இலட்சத்துக்கு விற்றால் நாலாயிரம் ரூபாய். இரண்டாயிரம்தான் உயர்வு கேட்டிருக்கிறார். கேட்டதைவிட அதிகமாகத் தருகிறார்கள் போலல்லவா தெரிகிறது? இதில் குறைப்பட என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு அவரோடு திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

அவர் உயர்வு கேட்டதன் காரணம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். சமையல் எரிவாயு உருளை 2022 மே மாதத்தில் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. 2023 ஆகஸ்டிலும் 2024 மார்ச்சிலும் விலையைக் குறைத்தார்கள், உண்மைதான். ஆனால் அதற்குள் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஏறிவிட்டன. எரிவாயு விலை இறங்கியது என்று வாடகையை இறக்கிய வீட்டுக்காரரை நாம் இதுவரை சந்திக்கவில்லை. ஆகவே அந்த இளைஞர் கேட்டது கூடுதல் வசதி அல்ல. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தச் சம்பளத்தில் என்ன வாங்க முடிந்ததோ, அதை இன்றும் வாங்க வேண்டும் என்பதுதான். விலைவாசிக்கு ஈடுகட்டும் உயர்வு என்பது, உண்மையில், பழைய சம்பளத்தைப் பழைய நிலையிலேயே வைத்திருப்பது.

இதை அரசும் ஏற்றுக்கொண்டுள்ளது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் நம் மாநிலத்தில் கடைப் பணியாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்டு வந்த கூலியில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று அடிப்படைக் கூலி. மற்றொன்று அகவிலைப்படி, ஆலைத் தொழிலாளர் இதைப் பஞ்சப்படி என்பார்கள். இது விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஆண்டுதோறும் ஏப்ரலில் மாற்றியமைக்கப்படுவது. பணியாளர் எவ்வளவு விற்றார் என்று அது கேட்பதில்லை. அரிசியும் பருப்பும் என்ன விலை என்று மட்டுமே கேட்கிறது.

கமிஷனோ விலைவாசியைப் பார்ப்பதில்லை, விற்பனையைத்தான் பார்க்கிறது. இந்த இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை என்பது நம் ஊரில் எவருக்கும் தெரியும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீனவர் குடும்பங்களை நம்பியிருக்கும் கடைகளில் அந்த இரு மாதமும் எப்படி இருக்கும் என்று கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள். நான்கு இலட்சம் விற்றவர் ஒன்றரை இலட்சம் விற்பார். கமிஷன் ஆயிரத்தைந்நூறாகச் சுருங்கும். ஜூனில் பள்ளி திறக்கும். பனிமய மாதா திருவிழாவுக்கு ஊரே துணி எடுக்கும்போது கமிஷன் மறுபடி ஏறும். ஆனால் கட்டணம் கட்ட வேண்டிய நாள் ஆகஸ்டு ஐந்தாம் தேதி வரை காத்திருக்காது.

தங்கம் இன்னொரு விதம். 2025 தொடக்கத்தில் அறுபதாயிரத்துக்குக் கீழே இருந்த சவரன், ஆண்டு முடிவதற்குள் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. நகைக்கடையில் கிராம் கணக்கில் ஊக்கத்தொகை பெறும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மக்கள் அதே பணத்துக்குக் குறைந்த எடையில் வாங்குவார்கள். கடையின் வரவு குறையாது, அவருடையது குறையும். எதன்மேல் கணக்கிடுகிறோம் என்பதிலேயே பாதி நீதி அடங்கியிருக்கிறது.

அப்படியானால் கமிஷன் என்பதே தவறா? அப்படிச் சொல்ல நமக்கு வாய் வராது. நம் கடற்கரையே பங்கில் வாழ்ந்த கடற்கரை. முத்துச்சலாபக் காலத்தில் மூழ்கிச் சிப்பி எடுத்தவருக்குக் கூலி கிடையாது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. ஆங்கிலேயர் காலத்து இலங்கைச் சலாபங்களுக்கு நம் ஊர்ப் பரதவர் படகேறிப் போனார்கள். அங்கே சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பது படகுக்காரர் வேலை. எந்தக் குவியல் யாருக்கு என்று சொல்வது அதிகாரியின் வேலை. பிரிப்பவருக்குத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லாததால், அவர் சமமாகத்தான் பிரித்தாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் பங்கைத் தன் கண்ணால் பார்க்கலாம். இன்று பல கடைகளில் கமிஷன் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது கணினியில் பில் போடுபவருக்கே தெரிவதில்லை.

ஆனால் அந்தப் பங்கின் மறுபக்கத்தையும் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். 1905-ஆம் ஆண்டு இலங்கைச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கிடைத்தன. மறு ஆண்டே ஒரு கம்பெனி அந்தக் கடலை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு பல ஆண்டுகள் சலாபமே நடக்கவில்லை. தூத்துக்குடியிலும் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்ததே கடைசிச் சலாபம். பங்கு மட்டுமே வருமானமாக இருந்தால், கடல் கைவிடும்போது அடுப்பும் அணைந்துவிடும். இன்றும் விசைப்படகில் டீசல், ஐஸ் செலவு கழித்தபின்தான் பங்கு. மீன்பாடு இல்லாத நாளில் வெறுங்கையோடு இறங்கிவரும் தொழிலாளியின் வீட்டில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

மாதச் சம்பளம் என்பது இந்த நிலையிலிருந்து தப்புவதற்காகவே மக்கள் விரும்பித் தேடிய ஒன்று. இதே ஊரில் 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். ஊர்மக்கள் உதவினார்கள். ஒன்பது நாள்களில் கூலி உயர்வும், வேலை நேரக் குறைப்பும், ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. கூடுதலாக நூற்றால் கூடுதலாகத் தருகிறோம் என்பதல்ல அந்த உயர்வு. நின்ற இடத்தில், செய்த வேலைக்கே உயர்வு. நாம் ஞாயிறு தோறும் ஆலயத்துக்கு வர முடிகிறதே, அந்த உரிமையும் கேட்டு வாங்கப்பட்டதுதான் என்பதைச் சற்று நினைவில் கொள்ளலாம்.

சரி, அந்த இளைஞரின் கணக்குக்கு வருவோம். இங்கேதான் நமக்கே தெரியாத ஒன்று வெளிப்பட்டது. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் (1952), போனஸ் சட்டம் (1965), பணிக்கொடைச் சட்டம் (1972) ஆகிய மூன்றிலும் ஊதியம் என்ற சொல்லுக்குள் கமிஷன் வந்ததில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் கமிஷனை வெளியேதான் வைக்கிறது. கமிஷன், வாடகைப்படி முதலியவை மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த மிகுதியை மட்டும் ஊதியத்தோடு சேர்க்கச் சொல்கிறது.

இதை ரூபாயில் பார்ப்போம். இருவர் இருபது ஆண்டு வேலை செய்து விலகுகிறார்கள். இருவர் கைக்கும் மாதம் பதினெட்டாயிரம் வந்தது. ஒருவருக்கு முழுவதும் சம்பளம். மற்றவருக்குப் பதினாலாயிரம் சம்பளம், நாலாயிரம் கமிஷன். பணிக்கொடை, ஓர் ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்று, மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. முதலாமவருக்குச் சுமார் 2,07,700 ரூபாய். இரண்டாமவருக்குச் சுமார் 1,61,500. வித்தியாசம் 46,000-க்கும் மேல். வைப்பு நிதி உள்ள கடையானால், நிர்வாகம் மாதந்தோறும் செலுத்த வேண்டிய பங்கும் குறைந்துபோகும். கமிஷனாகத் தருவது முதலாளிக்கு ஏன் எளிதாக இருக்கிறது என்பது இப்போது நமக்கும் அவருக்கும் விளங்கியது.

கடை முதலாளிகளும் நம் பங்கு மக்களே. ஆன்லைன் வியாபாரம், கட்டட வாடகை, வட்டி எனத் தூக்கம் கெட்டு நிற்பவர்கள் அவர்களிலும் உண்டு. ஓடாத மாதத்திலும் சம்பளம் எண்ணிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற அவர்களது பயம் பொய்யல்ல. ஆயினும் ஒன்று கேட்கிறோம். ஓடாத மாதத்தின் சுமையை இருவரில் தாங்கக்கூடியவர் யார்? கடைக்கு வங்கி கடன் தருகிறது. சேல்ஸ்மேனுக்குக் கந்துவட்டிக்காரர் மட்டுமே தருகிறார்.

இன்னொன்றும் உண்டு. கமிஷன் பெரிதாகி சம்பளம் சிறிதாகும்போது நாக்கு கெட்டுப்போகிறது. தேங்கிய சரக்குக்குத்தான் கூடுதல் இன்சென்டிவ் என்றால், சாயம் போகும் சேலையை "புதுசா வந்தது அக்கா" என்று சொல்லத் தோன்றும். நாற்பது சேலையை விரித்துக் காட்டி ஒன்றும் விற்காத அன்று, மடித்து வைக்கும் பிள்ளைக்கு என்ன பங்கு? பில் போடும் பெண்ணுக்கு, மாடிக்குச் சுமை தூக்குபவருக்கு? 2021-இல் தமிழகச் சட்டமன்றம் கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. கமிஷனை எண்ணி நிற்பவர் அந்த இருக்கையில் உட்காரவும் தயங்குவார்.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உரிமையாளரை நாம் பெரும்பாலும் இறையிரக்கத்துக்கு உவமையாகவே விளக்குகிறோம். அது சரியே. ஆனால் அந்த ஒரு தெனாரியம் ஒரு குடும்பத்தின் ஒருநாள் பிழைப்பு. கடைசி மணியில் வந்தவன் வீட்டிலும் அதே பசிதான். திருத்தந்தை 13-ஆம் லியோ (நம் பாட்டனார்கள் சிங்கராயர் என்பார்கள்) 1891-இல் எழுதிய சுற்றுமடலும் இதையே பேசுகிறது: இருதரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டதாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது, சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்கு அது போதுமானதாக இருக்க வேண்டும். 2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை 14-ஆம் லியோ, அந்தச் சுற்றுமடலை முன்னிட்டே இப்பெயரைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்.

இளைஞருக்கு நாம் சொன்னது இவ்வளவுதான்: கமிஷன் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சம்பள உயர்வுக்குப் பதிலாக என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு, கமிஷன் எதன்மேல் எத்தனை சதவீதம் என்பதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்று வாரம் கழித்து வந்தார். அடிப்படையில் எண்ணூறு ரூபாய் கூட்டியிருக்கிறார்கள். கமிஷனும் உண்டு, பாதியாக. மடித்து வைக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பொதுவில் பிரிக்கலாம் என்று அவரே கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. "எழுதித் தந்தாங்களா?" என்று கேட்டோம். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் காட்டினார்.