மைதானத்தை நிறைத்த பறையும் கிதாரும்
தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், சென்னை, 2018

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய குழு இது. தொடக்கத்தில் 19 கலைஞர்கள் இருந்தனர். வடசென்னைக் கானா, ராப், ராக் கிதார், பறை அனைத்தும் ஒன்றாக ஒலித்தன. குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சாதி எதிர்ப்புச் சிந்தனையிலிருந்து பிறந்தது.

இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி என மற்ற மேடைகள் தவிர்த்தவற்றை இவர்கள் பாடினார்கள். தங்கள் தெருவின் குரலை மேடையில் கேட்ட ரசிகர்கள் இவர்களைக் கொண்டாடினார்கள். குழுவின் பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

பூலாம்பாடி போன்ற ஊர்களில் பறை கேட்டு வளர்ந்தவர்களே, இது உங்கள் இசையும்தான்.