இடைக்கால இஸ்லாமிய உலகில் எழுத்தறிவித்த முறைகள்

இடைக்காலம் என்றதும் கோட்டை கொத்தளங்களும் வாட்போரும் மாயவித்தைக்காரருமே நம் கற்பனையில் விரிகின்றனர். அரசகுமாரர் உலவும் அக்கதைகளில் மடலைப் பிரித்துப் படிப்போர் வருவர். அவர்கள் எங்ஙனம் படிக்கக் கற்றனர் என்பதைக் கதை கூறுவதில்லை. ஆயினும், அக்காலச் சிறுவர் எழுத்தறிந்த வகைகளை ஆராய்ந்து எழுதிவைத்த பேரறிஞர் ஒருவர் உளர். அவரே இப்னு கல்தூன்.

கி.பி. 1332இல் துனிஸ் நகரில் பிறந்து, 1406இல் கெய்ரோவில் மறைந்த இவர், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு சலாமா கோட்டையில் தங்கியிருந்தபோது, 1377இல் ‘முகத்திமா’ எனும் நூலின் முதல் வடிவத்தை நிறைவு செய்தார். சமூகவியலுக்கு முன்னோடி எனப் போற்றப்படும் அந்நூலின் ஆறாம் பகுதி கல்வியைப் பற்றியது. அதில் சிறுவர் கல்வி நிலத்துக்கு நிலம் வேறுபட்டதை அவர் ஒப்பிட்டுக் காட்டுகிறார்.

நால்வகை முறைகள்

மக்ரிப் எனப்படும் வடமேற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் சிறுவர்க்குத் திருக்குர்ஆன் ஒன்றே பாடம். அதன் எழுத்து முறையையும் ஓதல் வேறுபாடுகளையும் தவிரப் பிற எதுவும் இடையில் புகுத்தப்படவில்லை. அந்தலூசியாவிலோ திருக்குர்ஆனை அடிப்படையாகக் கொண்டதோடு கவிதை, உரைநடை, இலக்கணம், கையெழுத்து ஆகியனவும் உடன் கற்பிக்கப்பட்டன. துனிஸை உள்ளிட்ட இஃப்ரீக்கியாவில் திருக்குர்ஆனுடன் நபிமொழியும் சில கலைகளும் சேர்ந்தன. கிழக்கு நாடுகளிலும் கலப்புப் பாடமே இருந்தது. ஆனால் அழகிய கையெழுத்தைத் தனி ஆசிரியரிடமே பயிலவேண்டும்.

இவற்றின் பயனையும் அவர் எடைபோடுகிறார். இறைமறையின் நடையைப் பின்பற்றி எழுதுதல் மாந்தர்க்கு இயலாது. ஆதலின் அதனை மட்டுமே பயின்றோர்க்குச் சொந்தமாக எழுதும் மொழித்திறன் வாய்ப்பதில்லை என்பார். அந்தலூசியர் மொழியில் சிறந்தனர். எனினும் பிற கலைகளில் அத்துணை வளம் பெறவில்லை என்றும் கூறுவார்.

எழுத்தா, சொல்லா?

தனி எழுத்தைக் கற்பித்துச் சொல்லுக்குச் செல்வதா, முழுச்சொல்லிலிருந்து தொடங்குவதா எனும் வினா இக்கால ஆசிரியப் பயிற்சிக்கு மட்டும் உரியதன்று. கெய்ரோவின் கையெழுத்து ஆசிரியர் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய விதியைக் கூறி எழுதப் பழக்கினர். அந்தலூசியாவிலும் மக்ரிபிலும் முழுச்சொற்களைப் பார்த்து எழுதியே மாணவர் தேர்ந்தனர். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்விரு நெறிகளும் அருகருகே வழங்கின என்பது வியப்பளிப்பதாகும்.

பொருளறியா ஓதல்

செவில்லி நகரத்துக் காதி அபூபக்கர் இப்னுல் அரபி (மறைவு 1148) ஒரு புதிய வரிசையை முன்மொழிந்தார். முதலில் மொழியும் கவிதையும், பின்னர்க் கணக்கு, அதன்பின் திருக்குர்ஆன் என்பதே அவ்வரிசை. பொருள் விளங்காத பருவத்தில் இறைநூலை ஓதச்செய்வதை அவர் குறையாகக் கண்டார். மொழி கைவந்தபின் மறை எளிதாகும் என்பது அவர்தம் கருத்து.

இது நல்ல முறையே என ஒப்புகிறார் இப்னு கல்தூன். ஆயினும் வழக்கம் அதற்கு இடந்தரவில்லை என்கிறார். பிள்ளை பெற்றோர் சொற்கேட்கும் பருவம் சிறிது. வளர்ந்தபின் கல்வியை விட்டு விலகினால் மறையை ஓதும் பேறே கிட்டாது போகும். அவ்வச்சத்தாலேயே மக்கள் திருக்குர்ஆனை முதலில் வைத்தனர். பிள்ளை தொடர்ந்து கற்பான் எனும் உறுதி இருப்பின் காதியின் முறையே மேலானது என்பது அவர் முடிபு.

கண்டிப்பின் கேடு

அடித்துக் கற்பித்தலை அவர் வன்மையாக மறுக்கிறார். அச்சுறுத்தி வளர்க்கப்படும் பிள்ளை ஊக்கம் இழந்து சோம்புகிறது. தண்டனைக்கு அஞ்சிப் பொய்யும் சூதும் பழகுகிறது. நாளடைவில் அவையே அதன் இயல்பாகின்றன. கொடுங்கோன்மைக்கு ஆட்பட்ட சமுதாயங்களின் நிலையும் இதுவே என அவர் விரித்துரைப்பது, பள்ளியறையையும் நாட்டையும் ஒருங்கே நோக்கிய பெருமதியைக் காட்டுகிறது.

நம் சிறார் பலர் காலையில் மக்தபில் அரபு எழுத்தை ஒலியாலும், பின்னர்ப் பள்ளியில் தமிழ் எழுத்தைப் பொருளோடும் பயில்கின்றனர். ஓதும் நா பெற்ற பிள்ளைக்கு உணரும் உள்ளத்தையும் அளிப்பது எங்ஙனம் என்பதே காதி எழுப்பிய வினா. பிள்ளையின் கல்வி இடையில் முறியாது காப்பதே அதற்கு இப்னு கல்தூன் வழி நாம் பெறும் விடையாகும். பெற்றோரும் ஆசிரியரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.