நுண்ணிய தூளும் நீரிலுள்ள விஷமும்

வர்ணம், வெயில் காப்புப் பூச்சு முதலியவற்றிற் சேர்க்கப்படும் டைட்டானியம் ஆக்ஸைடு என்னும் வெள்ளைத் தூள் தன்னளவில் கொடிய விஷமன்று. ஆயினும் அதன் துகள்கள் 100 நானோமீட்டருக்கும் சிறியனவாகச் செய்யப்படுங்கால், சிறிதளவு தூளுக்கே மிகப் பெரிய மேற்பரப்பு உண்டாகிறது. (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர்.) நீரிற் கரைந்துள்ள காட்மியம், பாஷாணம் போன்ற வஸ்துக்கள் அப்பரப்பில் பற்றிக்கொள்ளும். பற்றிய விஷம் பின்பு எங்கே செல்கிறது என்பதே குடியானவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

சீன தேசத்து ஆராய்ச்சியாளர் 2007-ம் வருஷம் வெளியிட்ட பரிசோதனையில், காட்மியம் கலந்த நீரில் கெண்டை மீன்கள் 25 நாள் விடப்பட்டன. இத்தூளும் கலந்திருந்த நீரின் மீன்களில் 146 சதவீதம் அதிகமான காட்மியம், அதாவது ஏறக்குறைய இரண்டரை மடங்கு, சேர்ந்திருந்தது. தூளே விஷத்தைச் சுமந்து உட்புகுந்தது; குடல் முதலிய உள்ளுறுப்புகளிலும் செவுளிலும் அது மிகுதி.

எங்கும் இவ்வாறே என்று கொள்ளலாகாது. ஒருவகைப் பச்சைப் பாசிக்கு இதே தூள் காட்மியத்தின் கொடுமையைக் குறைத்தது. விஷம் தூளிலேயே நின்றுவிட்டமையால் பாசியை அணுகவில்லை. இரும்பின் நுண்ணிய தூளால் நீரினின்றும் பாஷாணத்தை நீக்குவதும் இந்த நியாயத்தாலேயே.

நகரச் சாக்கடையிற் சேரும் இத்தூளின் பெரும்பகுதி சுத்திகரிப்பு நிலையத்து வண்டலில் தங்கும். அவ்வண்டலை எருவாக வாங்கும் மிராசுதார்கள், தம் வயல்நீர் மீன்குட்டையிற் பாயுமானால், அதிலுள்ள உலோகங்களை முன்னதாகவே சோதிப்பிக்க வேண்டும். சோதனைக்கு நீர் அனுப்பும் கிராம அதிகாரிகள் வடிகட்டாத நீரையும் தனிப் புட்டியில் அனுப்புவது அவசியம். திரண்ட தூளிற் பற்றிய காட்மியம் வடிதாளிலேயே தங்கிக் கணக்கில் வராது போம்.