உஷார்! சிறுநீர்க் கசிவுக்கு போனைப் பார்த்துப் பயிற்சியா? ஆரம்பிக்கும் முன் இதைப் படியுங்கள்

தும்மினால் சொட்டுகிறதா? சிரித்தால் நனைகிறதா? பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் ஆகிவிடுகிறதா? போனில் யாரோ சொல்லித்தருகிற இடுப்புத்தளப் பயிற்சியை நாளைக் காலையிலிருந்து ஆரம்பித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறீர்களா?

கொஞ்சம் நில்லுங்கள் தோழிகளே!

அந்தப் பயிற்சி நல்ல பயிற்சிதான். முறையாகச் செய்த எத்தனையோ பெண்களுக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் போயிருக்கிறது. ஆனால் தப்பாகச் செய்தால் கசிவு கூடும். செய்யக் கூடாதவர்கள் செய்தால் உள்ளே இருக்கிற வேறு நோய் கண்ணில் படாமலேயே வளரும். தப்பான ஆளிடம் போய்ச் சிக்கினால் மானத்துக்கே ஆபத்து. இந்த மூன்றும் இன்று நம் ஊரில் நடந்துகொண்டிருக்கின்றன. வெளியே சொல்லத்தான் ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். வயது நாற்பதைத் தாண்டியவர், தையல் வேலை. இரண்டுமே சுகப்பிரசவம். பல வருஷமாக இருமினால் கசிவு. பழைய காட்டன் சேலையைக் கிழித்து, மடித்து வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது.

ஒருநாள் போனில் ஒரு ரீல்ஸ். ‘21 நாளில் கசிவு நிற்கும், மருந்து வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம்’ என்றது. பணம் கட்டிச் சேர்ந்தார். விடியற்காலையில் வகுப்பு. ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் இருப்பார்களாம். எல்லோருடைய கேமராவும் அணைந்திருக்கும். அந்தப் பக்கம் ஒரு குரல், “இறுக்குங்க… பிடிங்க… விடுங்க” என்று எண்ணிக்கொண்டே போகும். இந்தப் பக்கம் இவர் எதை இறுக்குகிறார், எதை விடுகிறார் என்று பார்க்க ஒரு ஆள் இல்லை.

21 நாள் முடிந்தது. கசிவு நிற்கவில்லை. கேட்டதற்கு, “எண்ணிக்கை பத்தலக்கா, கூட்டுங்க” என்று பதில். கூட்டினார். கொஞ்ச நாளில் அடிவயிற்றில் ஒரு கனம். மாலையானால் கீழே ஏதோ இழுப்பது போல இருந்தது. ஒருநாள் குளிக்கும்போது கையில் உருண்டையாக எதுவோ தட்டுப்பட்டது. பயந்து போனார். அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை, பயிற்சியையும் நிறுத்தவில்லை.

கடைசியில் அக்கா மகள்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கர்ப்பப்பை இறங்கியிருந்தது. அங்கிருந்த பெண் பிசியோதெரபிஸ்ட் கையுறை போட்டு உள்ளே ஒரு விரலை வைத்து, “நீங்க வழக்கமா செய்யற மாதிரியே இறுக்குங்க, பார்ப்போம்” என்றார். இவர் மூச்சைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வயிறு முன்னால் உப்பியது. உள்ளே இருந்த விரலை தசை மேலே இழுத்திருக்க வேண்டும். வெளியே தள்ளியது!

பிரசவத்தில் முக்குவது போல மாதக்கணக்கில் தினமும் முக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பயிற்சி என்று நினைத்துக்கொண்டு!

இறக்கம் அந்த வகுப்பால் மட்டுமே வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பிரசவமும் வருஷக்கணக்கான மலச்சிக்கலும் சேர்ந்துதான் அந்த இடத்தைத் தளர்த்தியிருக்கும். ஆனால் ஏற்கெனவே தளர்ந்த இடத்தை நாள்தோறும் கீழ்நோக்கித் தள்ளினால் என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்கள்.

இது அவர் ஒருவர் செய்த தப்பில்லை. இடுப்பு எலும்புக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால் வரை தூளி கட்டியது போல ஒரு தசை இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எளிதில் எட்டாது. ‘இறுக்கு’ என்று வாயால் சொன்னால் பலரும் பிட்டத்தை இறுக்குவார்கள், தொடையைச் சேர்ப்பார்கள், வயிற்றை எக்குவார்கள். அல்லது முக்குவார்கள். அமெரிக்காவில் 47 பெண்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்து 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்ததும் சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். கால்வாசிப் பேர் செய்த விதம் கசிவை அதிகமாக்கக் கூடியது! நேரில் சொல்லிக்கொடுத்தே இந்த நிலை. கேமரா அணைந்த வகுப்பில் எப்படி இருக்கும்?

இந்தப் பயிற்சிக்குத் தன் பெயரைக் கொடுத்த அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல், 1948-இல் இதைப் பற்றி எழுதியபோதே தசையின் அழுத்தத்தை அளந்து காட்டும் ஒரு கருவியோடுதான் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தசை வேலை செய்கிறதா என்று பார்ப்பது அன்றைக்கே சிகிச்சையில் சேர்த்தி. இன்றைய ரீல்ஸில் பெயர் மட்டும் மிச்சம்.

சரியாகச் செய்தால் ஆசனவாய் உள்ளே மேலே ஏறும். காற்று பிரியாமல் அடக்குவது போலவும் சிறுநீரை அடக்குவது போலவும் ஒரே நேரத்தில் உணர்வீர்கள். மூச்சு தடைப்படாமல் போய்வரும், முகம் சாதாரணமாக இருக்கும். வயிறு வெளியே தள்ளினாலோ, கீழே எதுவோ பிதுங்கினாலோ, அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

இன்னொன்று. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள ஒரு முறை செய்து பார்ப்பது வேறு. அதையே தினசரிப் பயிற்சியாக்கினால் சிறுநீர்ப்பை முழுக்கக் காலியாகாமல் போகலாம். தேங்கினால் தொற்று வரலாம்.

இனிமேல் சொல்வதைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை எடுத்து வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சிறுநீரில் ரத்தம். வலிக்கவில்லை, ஒரே ஒரு தடவைதான் வந்தது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பல நேரம் வலியே இல்லாமல் அப்படித்தான் தலைகாட்டும்.

மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு. இதற்கும் அதே அவசரம்தான். வயிறு உப்பிக்கொண்டே போய், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்து, அடிக்கடி சிறுநீரும் வருகிறதென்றால் சினைப்பையைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சல், குளிர், எரிச்சல், முதுகின் ஒரு பக்கம் வலி. தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம்.

முதுகுவலியோடு உட்காருமிடமும் அந்தரங்க இடமும் மரத்துப்போகிறதா? கால் பலமிழக்கிறதா? மலமோ சிறுநீரோ போவதே தெரியவில்லையா? உடனே 108-ஐ அழையுங்கள்! தண்டுவடத்தின் அடியில் நரம்புக் கொத்து நசுங்கும்போது இப்படி ஆகும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால் திரும்பாமல் போகலாம்.

கஷ்டமான பிரசவத்துக்குப் பிறகோ கர்ப்பப்பை எடுத்த பிறகோ இரவும் பகலும் நிற்காமல் ஒழுகுகிறதென்றால், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். அந்த ஓட்டையைப் பயிற்சி அடைக்காது.

கர்ப்பிணிகளே, ‘தெரியாமல் ஒண்ணுக்குப் போயிடுச்சு’ என்று துணியை மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். பனிக்குட நீராக இருக்கலாம். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சர்க்கரை நோய் பல வருஷமாக இருக்கிறவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதே தெரியாது. போனால் முழுசாக வராது, எழுந்த பிறகு சொட்டும். பார்ப்பதற்குத் தளர்ந்த தசையின் கசிவு மாதிரியே இருக்கும். உண்மையில் நிரம்பி வழிகிறது! சிறுநீர் போன பிறகு ஒரு ஸ்கேன் எடுத்தால் உள்ளே எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரைக் கூட்டும், சில சிறுநீர்க் குழாயைத் தளர்த்தும், சில வறட்டு இருமலைக் கொடுக்கும். மூன்றுமே கசிவில் முடியும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் மாற்றித் தருவார்.

பலருக்கும் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் அந்தத் தசை தளர்ந்திருப்பதில்லை. சிலருக்கு இறுகிப் போயிருக்கும். தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் தொடங்கவே நேரமாவது, மலம் கழிக்கச் சிரமம், அடிவயிற்றில் ஓயாத வலி இதற்கு அடையாளம். இவர்களுக்கும் கசியும். ஆனால் தேவை தசையைத் தளர்த்தும் பயிற்சி. இறுக்கச் சொன்னால் வலி கூடலாம். நூறு பேருக்கு ஒரே பயிற்சி சொல்கிறவருக்கு இவர்களை எப்படி அடையாளம் தெரியும்?

அடுத்து கேமரா. கூச்சப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் போனில் தேடுகிறோமே, அந்தக் கூச்சம்தான் சிலருக்கு மூலதனம். ‘தசை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஒரு வீடியோ அனுப்புங்கள்’ என்று கேட்டால் அந்த நிமிடமே துண்டியுங்கள்!

இடுப்புத்தளப் பயிற்சியை வீடியோ அழைப்பில் சொல்லிக்கொடுக்க உடையைக் கழற்ற வேண்டியதே இல்லை. வயிறும் மார்பும் மூச்சில் எப்படி அசைகின்றன என்பதை உடையோடேயே பார்க்கலாம். உள்ளே பார்க்க வேண்டியதை நேரில்தான் பார்க்க வேண்டும், கூட ஒரு பெண் இருக்க. ஏற்கெனவே அனுப்பிவிட்டு யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். எதையும் அழிக்காதீர்கள், அது சாட்சி. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும், பெண்கள் உதவி எண் 181-க்கும் பேசுங்கள். நீங்களே எடுக்கச் சம்மதித்த அந்தரங்கப் படமாக இருந்தாலும், உங்கள் சம்மதமில்லாமல் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி குற்றம். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

அப்படியானால் வீட்டிலிருந்தே செய்யவே முடியாதா? முடியும். ஸ்வீடனில் ‘டேட்’ என்ற செயலியை வைத்து 123 பெண்களிடம் 2013, 2014-இல் ஆய்வு நடத்தினார்கள். மூன்று மாதம் செயலியைப் பார்த்துப் பயிற்சி செய்தவர்களுக்குக் கசிவு நன்றாகக் குறைந்தது. ஆனால் அதில் சேர்த்தது இருமினால், தும்மினால், குதித்தால் கசிகிற வகைப் பெண்களை. வருகிறவர்களையெல்லாம் உள்ளே விடவில்லை. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதலும், மேற்பார்வையோடு பயிற்சி தொடங்கும் முன் தசை சுருங்குகிறதா என்று பரிசோதிக்கத்தான் சொல்கிறது. பிறகு ஒரு வேளைக்கு எட்டு முறைக்குக் குறையாமல், நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது செய்ய வேண்டும். 21 நாளில் நிற்கும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

அந்தத் தையல்காரப் பெண்ணும் இன்று வீட்டிலிருந்துதான் செய்கிறார். இறக்கத்துக்கு உள்ளே வளையம் பொருத்தினார்கள். பிசியோதெரபிஸ்ட் விரலை வைத்தே சரியான தசையைக் காட்டிக்கொடுத்தார். இரண்டு முறை நேரில் போனார், அப்புறம் வாரம் ஒருநாள் வீடியோ அழைப்பு. அதே ஆள், ஒருவருக்கு ஒருவர். எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தார், எப்போது போனார், எப்போது கசிந்தது என்று மூன்று நாளுக்கு நோட்டில் எழுதச் சொன்னார்கள். அப்போதுதான் தெரிந்தது, கசிவுக்குப் பயந்து சாயங்காலம் வரை அவர் தண்ணீரே குடிப்பதில்லை என்று. நம்மில் எத்தனை பேர் இப்படி! டீச்சர், போலீஸ், கடையில் நாளெல்லாம் நிற்கிற பெண்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கல் கூடும், முக்க வேண்டிவரும். அவர் அதை மாற்றிக்கொண்டார். கசிவு இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஆன்லைனில் சேரத்தான் போகிறீர்கள் என்றால் இதையாவது கேளுங்கள். படிப்பு என்ன? பிசியோதெரபி பட்டம் இருக்கிறதா? ஆலோசனை சொல்கிறவர் மருத்துவர் என்றால் பதிவு எண் என்ன? நம் நாட்டின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி அவர் அதைக் காட்டியே ஆக வேண்டும். முதலில் நேரில் பரிசோதித்துவிட்டு வரச் சொல்கிறாரா? உங்கள் பிரசவம், ஆபரேஷன், மாத்திரை பற்றி விசாரிக்கிறாரா? வலித்தால் நிறுத்தச் சொல்கிறாரா, கூட்டச் சொல்கிறாரா? ஒன்றுக்கு மழுப்பினாலும் பணம் கட்டாதீர்கள். ஆன்லைனில் விற்கிற கீகல் உருண்டை, மின்தூண்டல் கருவி எதையும் பரிசோதனைக்கு முன் வாங்காதீர்கள். கர்ப்பிணிகளும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அந்த மின்கருவியைத் தொடவே கூடாது.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பெண்கள் நலப் பிரிவு இருக்கிறது, செலவும் இல்லை. சீட்டு வாங்கும் வரிசையில் நின்று காரணம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘லேடி டாக்டரைப் பார்க்கணும்’ என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை உள்ளே போய்ச் சொல்லிக்கொள்ளலாம். இந்த வாரமே போங்கள். அம்மாவுக்கோ மாமியாருக்கோ இந்தத் தொல்லை இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.