தபசுகாலத்தின் பதினேழாம் நாள்

1865 மார்ச் 17. நாகசாகித் துறைமுகத்தில் வெளிநாட்டு வணிகர்களுக்கென்று கட்டித் திறந்து ஒரு மாதம்கூட ஆகாத ஓவுரா கோயில். பக்கத்து ஊரான உரகாமியிலிருந்து பதினைந்து பேர்போல வந்து வாசலில் நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்றுதான் பிரெஞ்சுச் சாமியார் பெத்திஜான் நினைத்தார். உள்ளே வந்ததும் ஒரு பெண் அவர் பக்கத்தில் நெருங்கி, உங்கள் மனசும் எங்கள் மனசும் ஒன்றுதான் என்கிறாற்போல் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாள்.

பேச்சு வளர்ந்தபோது இன்னொன்றும் வந்தது. இது துக்க காலம், இன்று பதினேழாம் நாள் என்றார்கள். அந்த வருடம் சாம்பல் புதன் மார்ச் 1. எண்ணிப் பாருங்கள், ஒரு நாள்கூடப் பிசகவில்லை. ஜப்பானில் எஞ்சியிருந்த கடைசிக் குருவானவர் கொல்லப்பட்டது 1644இல். அதற்குப் பிறகு பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, கோயில் மணி இல்லை. தபசுகாலம் மட்டும் வருடம் தவறாமல் வந்திருக்கிறது.

விதைத்தவர் நமக்குத் தெரிந்தவர்தான். 1542இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்து பரதவர்களுக்குத் தமிழில் மந்திரம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார் 1549இல் ககோஷிமாவில் இறங்கினார். மணப்பாட்டில் அவர் தங்கிய குகைக்கு இன்றும் வண்டி கட்டிக்கொண்டு போகிறோம். ஜப்பானிலோ 1597இல் நாகசாகி நிஷிசாகா மேட்டில் 26 பேரைச் சிலுவையில் ஏற்றிக் கொன்றார்கள். 1614இல் நாடு முழுக்கத் தடை.

தடை என்றால் காகிதத்தில் போட்ட தடை அல்ல. உரகாமியில் வருடப் பிறப்பு கழிந்ததும் ஊர்த்தலைவர் வீட்டுக்கு எல்லோரும் வரவேண்டும். யேசுவோ மாதாவோ பொறித்த வெண்கலத் தகட்டைப் பலகையில் பதித்துத் தரையில் வைத்திருப்பார்கள். ஒவ்வொருவராக வெறுங்காலால் மிதித்துப் போகவேண்டும். அந்தத் தகடுகள் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. முகம் இருந்த இடம் வழவழவென்று தேய்ந்து, மூக்கும் கண்ணும் கலைந்து கிடக்கிறது. மிதித்தவர்கள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ‘கொன்சிரிசான்’ சொல்வார்கள். வேறொன்றுமில்லை, நம் பாட்டிமார் படுக்கப்போகும்முன் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம்தான். சாவு விழுந்தால் பௌத்த பிக்குவைத்தான் அழைக்கவேண்டும். அவர் முன்னறையில் ஓத, ஓதியதைக் கழிப்பதற்கென்று பின்னறையில் இவர்கள் ஒரு செபம் வைத்திருந்தார்கள். நாள் கணிக்க ஊருக்கு ஒருவர், ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்ற ஒருவர். உபதேசியார் இல்லாமல் உபதேசம் நடந்தது.

வேதகலாபனைதான் விசுவாசத்துக்கு உரம் என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். தடை வந்த காலத்தில் ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் மூன்று லட்சம்வரை இருந்ததாகக் கணிக்கிறார்கள். தடை தளர்ந்தபோது வெளியே வந்தவர்கள் சில பத்தாயிரம் பேர். உரம் போட்ட வயல் இப்படியா விளையும்? பிழைத்த ஊர்களிலும், அரசாங்கம் கட்டிய வேலியே ஒரு வகையில் கைகொடுத்தது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்க ஐந்து ஐந்து வீடாகச் சேர்த்துவைத்தார்கள். ஐந்தும் கிறிஸ்தவ வீடாக இருந்த இடத்தில் யார் யாரைக் காட்டிக்கொடுப்பது? பையன் ஊரைவிட்டு எங்கும் போக வழியில்லை. இருட்டறையில் தகப்பன் வாய் பார்த்து ‘ஒரஷோ’ என்னும் செபங்களைக் கற்றுக்கொண்டான்.

வெளியே வந்ததும் சுகம் கிடைத்துவிடவில்லை. உரகாமிக்காரர்கள் 3,400 பேரை ஊரோடு பெயர்த்துப் பல மாகாணங்களுக்குத் துரத்தினார்கள். 1873இல் தடை விலகும் முன் அவர்களில் 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். திரும்பி வந்தவர்கள் பின்னர், தாங்கள் வருடாவருடம் தகட்டை மிதித்த இடமான அந்த ஊர்த்தலைவரின் நிலத்தையே விலைக்கு வாங்கினார்கள். அதன்மேல் 1895இல் கோயில் கட்டத் தொடங்கினார்கள். (இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.) 1945 ஆகஸ்ட் 9 காலை அணுகுண்டு அதன் அருகில்தான் வெடித்தது. பங்கு மக்கள் 12,000 பேரில் 8,500 பேர் அளவில் மாண்டார்கள். கோயில் மறுபடி எழுந்தது.

எல்லோரும் கோயிலுக்குத் திரும்பவில்லை. இகித்சுகி தீவுக்காரர்களில் பெரும்பாலோர் குருவானவர் வந்த பின்னும் தங்கள் உள்ளறைச் சாமியையே வைத்துக்கொண்டார்கள். மறைத்து வைத்ததே வேதமாகிவிட்டிருந்தது. அதை விட்டால் பாட்டன் முப்பாட்டனை விட்டதாகும். இருபதாம் நூற்றாண்டின் முன்பாதியில்கூட அந்தத் தீவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1991இல் தீவை வெளியோடு இணைக்கும் பாலம் வந்தது. இன்று அவர்கள் ஒரு சிறு எண்ணிக்கை, அதுவும் பெரும்பாலும் கிழவர்கள். துன்புறுத்தியவன் யாருமில்லை. ஃபுகுவோகாவிலும் ஒசாகாவிலும் வேலை இருக்கிறது, அவ்வளவுதான். முழு ஒரஷோவையும் சொல்ல அரை மணிக்கு மேல் பிடிக்கும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் படிக்க வீட்டில் பையன் வேண்டுமே.

ஜப்பானில் கத்தோலிக்கர் இன்று நான்கு லட்சத்துக்குச் சற்று மேலோ கீழோ. கோயிலுக்குத் திரும்பியவர்களின் ஊர்களிலும் ஆள் குறைந்தது. நொசாகி தீவில் 17 குடும்பங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் 1908இல் செங்கல் கோயில் ஒன்று எழுந்தது. 1971இல் கடைசிக் கிறிஸ்தவக் குடும்பமும் தீவை விட்டுப் போனது. கோயில் பத்திரமாக இருக்கிறது, சுற்றிலும் மான்கள் மேய்கின்றன. அந்தத் தீவின் கிராமங்களையும் சேர்த்து, மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் பன்னிரண்டு இடங்களை 2018இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இகித்சுகியில் ‘குருரியோசா’ என்றொரு பாட்டு உண்டு. பாடுகிறவர்களுக்கே அர்த்தம் தெரியாது. அது லத்தீனில் மாதாவைப் பாடும் ‘ஓ குளோரியோசா தோமினா’ என்று இசை ஆய்வாளர் மினாகவா தத்சுவோ கண்டுபிடித்தார். அதன் ராகத்தைத் தேடி வருடக்கணக்கில் ஐரோப்பிய நூலகங்களில் அலைந்தவருக்கு ஸ்பெயினில் ஒரு பழைய ஏட்டில் அது அகப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் அந்த நாட்டின் ஒரு பகுதியில் மட்டும் பாடி, பிறகு அங்கேயே மறந்துபோன ராகம். இப்போது அதை ஒலிப்பதிவில் கேட்கலாம். நானும் கேட்டேன். மூன்று நான்கு கிழவர்களின் குரல். நடுவில் ஒருவர் இருமுகிறார்; மற்றவர்கள் நிறுத்தாமல் பாடிக்கொண்டே போகிறார்கள்.